புத்தளக் கரையில் யோசப் வாஸ் அடிகளார்

2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் இலட்சக்கணக்கான மக்கள் முன்னிலையில் அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ், யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஒரு வாரம் கூட நிறைவடையாத வேளை அது. நாட்டின் புதிய தலைவரும் பிற சமயப் பெரியார்களும் அந்நிகழ்வில் பங்கேற்றனர். அதே திடலில்தான் 1995 ஜனவரி 21 ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்திருந்தார். இத்தனை சிறப்புகளும் எவருக்குச் செய்யப்பட்டனவோ, அவர் தமது வாழ்நாளில் கொழும்பு நகருக்குள் ஒரு தடவையேனும் வெளிப்படையாகக் காலடி வைக்க இயலாதவராக இருந்தார். வந்த போதெல்லாம் மாறுவேடத்தில், இருளில், கைதாகும் அச்சத்துடனேயே வந்து சென்றார்.

அடிகளாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கண்டியைப் பற்றியே பேசுகின்றனர். சிறை, மன்னனின் நட்பு, மழை, அம்மை நோய் என்று கதைக்குரிய நிகழ்ச்சிகள் யாவும் அங்கேயே நிகழ்ந்தன. யாழ்ப்பாணத்தவர்கள் சில்லாலையைப் பெருமையுடன் நினைவுகூருவர். இவ்விரண்டுக்கும் இடையில் புத்தளத்தில் அவர் கழித்த ஓராண்டு காலத்துக்கு வரலாற்று நூல்கள் சில வரிகளே ஒதுக்குகின்றன. அடிகளார் எந்த விழுமியங்களைச் சுமந்து கொண்டு கடல் கடந்து வந்தாரோ, அவற்றை முதன்முறையாக அச்சமின்றி வாழ்ந்து பார்த்த இடம் இக்கரையே என்பது எமது கருத்து. ஆதலால் அவரது வாழ்க்கையை இம்முறை புத்தளத்திலிருந்து நோக்க விரும்புகிறோம்.

அடிகளார் 1651 ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவின் பெனாவுலிம் கிராமத்தில், தாயாரின் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ், தாயார் மரியா தெ மிராண்டா. தந்தையாரின் ஊர் சாங்கோவாலே. கொங்கணி பேசும் பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பம் அது. போர்த்துக்கேய மொழியும் லத்தீனும் கற்று, கோவா நகரில் இயேசு சபையினரின் புனித பவுல் கல்லூரியிலும், பின்னர் தொமினிக்கன் சபையினரின் கல்விக்கூடத்திலும் பயின்று, 1676 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதன் பின்னர் பாதணி அணிவதை விட்டு, ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடக்கலானார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

இதை வெறும் பக்திச் செய்தியாகக் கடந்து சென்றுவிடலாகாது. அக்காலக் கோவா எத்தகையது என்பதை அறிந்தால்தான் அதன் பொருள் விளங்கும். கீழைத்தேயப் போர்த்துக்கேய அரசின் தலைநகராகவும் பேராயரின் இருக்கையாகவும் விளங்கிய அந்நகரில், தேவாலயங்களின் கோபுரங்களுக்கு அருகிலேயே அடிமைச் சந்தையும் நடந்து வந்தது. இந்நாட்டவர் குருவாகலாம், ஆனால் ஐரோப்பியத் துறவற சபைகளின் கதவுகள் அவர்களுக்கு ஏறக்குறைய அடைக்கப்பட்டிருந்தன. எத்துணைக் கல்வி இருப்பினும் கோவாக் குருவுக்கு இரண்டாவது வரிசையிலேயே இடம். இத்தகைய நகரில்தான் 1677 இல் அந்த இளங்குரு, தம்மைக் கன்னி மரியாளின் அடிமையாக எழுதிக் கொடுக்கும் சாசனமொன்றில் கையொப்பமிட்டார். மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் ஊரில் ஒருவர் தாமாகவே அடிமை என்று எழுதிக் கொடுப்பதை அவரது காலத்தவர் எவ்விதம் நோக்கினர் என்பதைக் காட்டிலும், அதன் பிறகு அவர் நடந்து கொண்ட விதமே எமக்கு முக்கியமாகப் படுகிறது. தாம் எழுதிக் கொடுத்ததை அவர் உண்மை என்றே எடுத்துக் கொண்டார்.

இலங்கையில் குருக்கள் எவருமின்றிக் கத்தோலிக்கர் தவிக்கும் செய்தி அவரை எட்டியிருந்தது. அங்கு செல்ல அனுமதி கோரினார். மேலிடமோ அவரை 1681 இல் கன்னட நாட்டுக்கு அனுப்பியது. கெளதியின் அரசி சென்னம்மா ஆண்டு வந்த அக்கரையோரப் பகுதியில், போர்த்துக்கேய மன்னரின் ஞானாதிக்க உரிமைக்கும் உரோமாபுரி நேரடியாக நியமித்த ஆயரின் அதிகாரத்துக்கும் இடையே பெரும் பிணக்கு நிலவியது. எந்தக் குரு எவருடைய ஆணைக்கு உட்பட்டவர் என்பதே அங்கு அன்றாட வழக்கு. அடிகளார் இரு தரப்புக்கும் இடையே பொறுமையாக நடந்து கொண்டார். மங்களூர், பஸ்ரூர், கங்கொல்லி முதலிய இடங்களில் சிறு பாடசாலைகளைத் தொடங்கினார். அடிமைப்பட்டிருந்தவர்களை மீட்கப் பணம் திரட்டினார். மூன்றாண்டுகளின் பின்னர் 1684 இல் கோவாவுக்குத் திரும்பியபோது, அதிகாரப் போட்டி நம்பிக்கையை எவ்வாறு அரித்துத் தின்கிறது என்பதைக் கண்ணாரக் கண்டிருந்தார் என்று கொள்வது தவறாகாது.

1685 செப்டெம்பரில், பழைய கோவாவின் திருச்சிலுவை ஆலயத்தில் கூடி வாழ்ந்த கோவாக் குருக்கள் சிலருடன் அவர் இணைந்தார். அடிகளாரின் தலைமையில் அக்குழு புனித பிலிப் நேரியின் ஒரட்டோரியன் ஒழுங்கை ஏற்றது. இந்தியக் குருக்களைக் கொண்டே அமைந்த முதலாவது துறவறக் குழுமம் அதுவாகும். அக்குழுமமும் சாதியை முற்றாக உதறித் தள்ளவில்லை என்பதை இங்கு மறைக்க வேண்டியதில்லை. பிராமண வழிவந்த குருக்களுக்கே அதில் இடம் இருந்தது. ஐரோப்பியர் தமக்குச் செய்த ஒதுக்கலை உணர்ந்தவர்கள், தாம் பிறருக்குச் செய்த ஒதுக்கலை உணரவில்லை. அடிகளாருக்கு அக்குறையிலிருந்து விடுதலை அளித்தது கோவாவின் மடம் அன்று; இலங்கையின் கரையே ஆகும்.

அந்நாளைய இலங்கையின் நிலையைச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். 1656 இல் கொழும்பையும் 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கைப்பற்றியதுடன் போர்த்துக்கேயர் ஆட்சி முற்றாக முடிவுற்றது. கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். குருவானவருக்கு மறைவிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என்று 1658 இல் பிரகடனம் செய்யப்பட்டது. தேவாலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வசமாயின. பாடசாலைத் தோம்புகளில் பெயர் பதியப்பட்டால்தான் திருமணமும் முதுசொத்தும் சட்டப்படி செல்லுபடியாகும் என்ற ஏற்பாட்டினால், மக்கள் பகலில் ஒல்லாந்தரின் கோவிலில் பெயர் கொடுத்து, இரவில் வீட்டு மூலையில் செபமாலை உருட்டும் நிலைக்கு வந்தனர்.

இவ்விடத்தில் போர்த்துக்கேயரையும் மறந்துவிடலாகாது. சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேஸ்வரம் ஆலயம் அவர்களாலேயே இடித்தழிக்கப்பட்டது. கத்தோலிக்கம் இக்கரைகளில் காலூன்றிய போது அதன் பக்கத்தில் வாளும் கப்பலும் நின்றன. ஒல்லாந்தர் வந்ததும் அந்த வாள் கைமாறியது. குருவும் கோவிலும் மன்னரின் ஆதரவும் அகன்ற பின்னர் எஞ்சியிருந்த நம்பிக்கை மட்டுமே மக்களுடைய சொந்த நம்பிக்கை. அடிகளார் தேடி வந்ததும் அந்த எச்சத்தையே.

1686 இல் அவர் கோவாவை விட்டுப் புறப்பட்டார். உடன் வந்தவர் யோவான் என்ற பணியாளர் ஒருவரே. கரையோரமாகப் பயணம் செய்து தூத்துக்குடியை அடைந்தனர். அதுவும் அப்போது ஒல்லாந்தர் வசமே இருந்தது. குருவின் அங்கியைக் களைந்து, கூலியாளின் இடைத்துணியுடன் அங்கு காத்திருந்து, 1687 இல் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். பயணத்தின் கொடுமையால் இருவரும் கடும் வயிற்றோட்டத்துக்கு ஆளாகி, தொற்று நோயாளிகளென ஒதுக்கப்பட்டு, முன்பின் அறியாதவர்கள் இரங்கி அளித்த கஞ்சியால் உயிர் பிழைத்தனர் என்பது மரபு. பின்னர் கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். அந்த மாலையைக் கண்டு எவருடைய முகம் மாறுகிறது என்று பார்ப்பதே கத்தோலிக்கரை அடையாளம் காண அவர் கையாண்ட வழி.

இதே ஆண்டுகளில் பாக்கு நீரிணைக்கு அப்பால், மறவர் நாட்டில் அருளானந்தர் என்று தமிழர் அழைத்த ஜோன் தெ பிரிட்டோ அடிகளார் பணியாற்றிக் கொண்டிருந்தார் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம். அவர் லிஸ்பன் நகரின் உயர்குடிப் பிறப்பாளர். காவியுடுத்த சந்நியாசியாகத் தமிழரிடையே நடமாடி, 1693 இல் ஓரியூரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். போர்த்துக்கேயப் பிரபு தமிழகத்தில் துறவியாக மதிப்பைத் தேடி உடை மாற்றினார். கொங்கணிப் பிராமணரோ ஈழத்தில் கூலியாளாக மதிப்பை இழந்து உடை மாற்றினார். இருவரது தியாகத்தையும் தராசில் இடுவது எமது நோக்கமன்று. ஆயினும் கூலியாளின் வேடம் ஒருவரைச் சமூகத்தின் எந்தப் படியில் நிறுத்துகிறது என்பதை யாழ்ப்பாணத்தின் சாதி அமைப்பை அறிந்தவர்கள் நன்குணர்வர்.

சில்லாலையைத் தளமாகக் கொண்டு, தமிழைக் கற்றுத் தேர்ந்து, இரவுகளில் ஊர் ஊராகச் சென்று அடிகளார் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். இரண்டாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1689 ஆம் ஆண்டின் நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்களைச் சுற்றி வளைத்தனர். அடிகளார் அகப்படவில்லை, மக்கள் அகப்பட்டனர். பலர் சிறைப்பட்டனர், சிலர் கசையடி பெற்றனர், அடிபட்டு ஒருவர் உயிரிழந்தார் என்று திருச்சபை வரலாறு கூறுகிறது. தாம் தப்புவதும் பிறர் அடிபடுவதும் ஒரு மேய்ப்பனின் உள்ளத்தில் எத்தகைய பாரத்தை ஏற்றும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் தொடர்ந்து அங்கு தங்கினால் அவருக்கு இடமளிப்போரின் உயிருக்கே ஆபத்து. 1690 இல் அவர் புத்தளம் வந்து சேர்ந்தார்.

இன்று கொழும்பு - புத்தளம் வீதியால் பயணிப்பவர்களுக்குப் புத்தளம் என்றதும் உப்பளங்களும் தென்னந்தோப்புகளும், கற்பிட்டிக்குத் திரும்பும் பாதையும் நினைவுக்கு வரும். பதினேழாம் நூற்றாண்டில் அது கண்டி மன்னரின் மேற்குத் துறைமுகம். மலைநாட்டின் பாக்கு இங்கு இறங்கியது. இங்கு விளைந்த உப்பு தவளம் என்னும் பொதி மாட்டுத் தொடர்களில் மலையேறியது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே பரந்து கிடக்கும் களப்பு ஏறத்தாழ 32,700 ஹெக்டேயர் பரப்புடையது. அக்களப்பின் வாயிலைக் காப்பது போல் கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரையான காலத்தில் கோட்டையொன்றைக் கட்டினர். கண்டியின் கடல் வணிகத்தை நெரிப்பதே அதன் நோக்கம். அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. எனவே 1690 இல் களப்பின் ஒரு முனையில் குருவானவரைப் பிடித்துத் தண்டிக்கக் காத்திருந்த கிறிஸ்தவ அரசின் பீரங்கிகள். மறுமுனையில் அவர் அச்சமின்றி நடமாடக் கூடிய பௌத்த மன்னரின் ஊர். இடையே சில மணி நேரத் தோணிப் பயணம்.

இதில் உள்ள முரணை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ஒரே வேதநூலை ஏற்றுக் கொண்டவர்கள் துரத்தினர். வேறு தர்மத்தைப் பின்பற்றிய அரசு நிழல் தந்தது. கண்டியின் மன்னர்களுக்கு இது புதியதுமன்று. 1626 இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய போது, செனரத் மன்னர் அவர்களை ஏற்றுக் கிழக்குக் கரையில் குடியமர்த்தினார். அரசியல் கணக்கும் இதில் கலந்திருக்கலாம். கலந்திருந்தாலும் அடைக்கலம் அடைக்கலமே.

புத்தளத்தின் குடிகளும் பலவகையினர். 1344 இல் இபுனு பதூதா வந்து இறங்கிய பத்தாலா என்ற ஊர் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அங்கு அவர் சந்தித்த மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. அவ்வளவு பழமையான முஸ்லிம் தொடர்பு இவ்வூருக்கு உண்டு. களப்போரத்தில் தமிழ் பேசும் மீனவக் குடிகள், உள்நாட்டில் சிங்களக் கிராமங்கள், வணிகத்துக்கென வந்து தங்கிய தென்னிந்தியர்கள் என யாவரும் ஒரே சந்தையில் கூடினர். இவர்களிடையே போர்த்துக்கேயர் காலத்தில் திருமுழுக்குப் பெற்று, பல ஆண்டுகளாகக் குருவானவர் ஒருவரையும் காணாத கத்தோலிக்கக் குடும்பங்களும் வாழ்ந்தன.

இங்குதான் அடிகளார் ஓராண்டு காலம் மிகுந்த பயனுடன் பணியாற்றினார். யாழ்ப்பாணத்தில் மறைவில் கற்ற தமிழ் இங்கு பகலிலே பயன்பட்டது. குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்கினார். ஆண்டுக்கணக்காகத் திருச்சபையின் ஆசி இல்லாதிருந்த திருமணங்களை முறைப்படுத்தினார். நோயாளிகளின் வீடுகளில் தங்கினார். குரு இல்லாத நாட்களில் ஊரின் வழிபாட்டை நடத்த மூப்பர் ஒருவர், செபங்களையும் ஞானோபதேசத்தையும் சொல்லிக் கொடுக்க அண்ணாவியார் ஒருவர் என்ற முறையே அடிகளாரின் பணியிலும் அவரது சகோதரக் குருக்களின் பணியிலும் முதுகெலும்பாயிற்று. ஒரு குருவானவர் தாம் இல்லாமலே நடக்கக் கூடிய சபையை உருவாக்க முனைவது அரிது. தமது கைக்குள் எதையும் வைத்துக் கொள்ளாதவராலேயே அது இயலும்.

கோவாவில் இருந்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். மதிப்பும், பிரசங்க மேடையும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பள்ளிக்கூடமும் அவருக்கு அங்கு ஏற்கெனவே இருந்தன. வறுமையை விரும்பினார், ஆனால் வறுமையை விரும்பும் பிராமணக் குருவுக்கு ஊரே தலை வணங்கும் போது அந்த வறுமையும் ஒரு பெருமையாகிவிடுகிறது. அடிமைச் சாசனம் எழுதிக் கொடுத்தார். ஆனால் அவரை எவரும் அடிமையாக நடத்தவில்லை. ஈழத்துக் கரையிலோ அவர் வெறுங்காலுடன் நடந்தபோது அதை எவரும் தவமாகக் காணவில்லை. இங்கு பலரும் அப்படித்தான் நடந்தனர். மீனவர் இட்ட சோற்றை உண்டார். அவர்கள் ஓலைக் குடிசையில் உறங்கினார். அவர்கள் காட்டிக் கொடுக்கவில்லை என்பதனாலேயே உயிருடன் இருந்தார். குலத்தை விட்டுவிட வேண்டும் என்று அவர் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதைச் சுமந்து கொண்டு வர அந்த வாழ்க்கையில் இடமே இருக்கவில்லை. இளமையில் விரும்பித் தேர்ந்த எளிமையும் பணிவும் சேவையும் அந்நிய மண்ணில், எந்த அரசின் துணையும் இல்லாத நம்பிக்கையின் வழியே அவருக்கு வாழ்வாகவே அமைந்தன.

வெளிநாட்டுச் சமயப் பணி என்றதும் எமது வாசகர்களில் பலர் ஐயத்துடன் புருவம் உயர்த்துவர் என்பதை நாம் அறிவோம். அந்த ஐயத்துக்கு நியாயமான வரலாற்றுக் காரணங்கள் உண்டு. முன்னேஸ்வரம் அவற்றுள் ஒன்று. மக்களுக்குச் சலுகையும் பதவியும் காட்டிச் சமயம் மாற்றியதை ஒல்லாந்தரின் தோம்புகளே காட்டும். இவற்றுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அடிகளாரின் தனித்தன்மை புலப்படுகிறது. அவரைப் பின்பற்றுவோருக்கு அவரால் கொடுக்க முடிந்த உலகியல் நன்மை ஒன்றும் இருக்கவில்லை. ஒல்லாந்தர் ஆளும் ஊர்களில் அவருடன் சேர்ந்தால் அபாயமே மிச்சம்.

புத்தளத்தில் நிலைத்துவிட அவர் எண்ணவில்லை. கண்டி மன்னரின் அனுமதி கிட்டினால் அங்கிருந்து தீவு முழுவதையும் எட்டலாம் என்று கணித்தார். புத்தளத்துக் கத்தோலிக்க அன்பர்களின் துணையுடன், உப்புப் பொதிகள் செல்லும் அதே மலைப்பாதையால் 1692 இல் கண்டியை நோக்கிச் சென்றார். முந்தைய மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் காலத்தில் பிரெஞ்சுத் தூதராக வந்து கண்டியில் தங்க நேர்ந்த லனரோல் என்பவர், புரட்டஸ்தாந்து பிரிவைச் சேர்ந்தவர். வருபவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரண்மனையை எச்சரித்தார். அடிகளார் சிறையிடப்பட்டார். கண்டி அரசு அந்நியரை இவ்விதம் தடுத்து வைத்திருப்பதை, ஏறத்தாழ இருபதாண்டுகள் அங்கு கைதியாய் இருந்து 1679 இல் தப்பிய ரொபர்ட் நொக்ஸின் நூல் வாயிலாக நாம் நன்கறிவோம்.

சிறையிலே அவர் சிங்களம் கற்றார். சிறை முற்றத்தில் ஓலையால் சிறு ஆலயம் ஒன்றை எழுப்பினார். காவல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. கடும் வறட்சி நேர்ந்த போது மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் வேண்டுகோளின்படி அடிகளார் செபிக்க மழை பெய்தது என்ற மரபு கத்தோலிக்கரிடையே இன்றுவரை வழங்கி வருகிறது. மழையின் காரணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மன்னர் அவர் மீது நம்பிக்கை வைத்தார் என்பதில் ஐயமில்லை.

1697 இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. மன்னரும் செல்வரும் நகரை விட்டகன்றனர். நோயுற்றோரைக் காட்டில் விட்டுவிடுவது அக்கால வழக்கம். சற்று முன்னர் கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த உறவினரான யோசே கார்வாலியோ அடிகளாருடன் யோசப் வாஸ் அங்கேயே தங்கினார். கைவிடப்பட்டவர்களுக்குக் குடிசை அமைத்தார், புண்களைக் கழுவினார், கஞ்சி ஊட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். எந்தச் சமயத்தவர் என்று அவர் வினவவில்லை. அன்றைய கண்டியில் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பௌத்தர்களாகவே இருந்திருப்பர். அவரது பெயர் கத்தோலிக்க எல்லையைத் தாண்டி நிலைத்தமைக்கு இந்த ஒரு செயலே போதுமானதாயிற்று.

அடுத்தடுத்து கோவாவிலிருந்து ஒரட்டோரியன் குருக்கள் வந்தனர். 1705 இல் வந்தவர்களுள் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் குறிப்பிடத்தக்கவர். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவர், தமிழிலும் பல நூல்களை இயற்றினார். அவர் 1742 இல் காலமான இடமும் இன்றைய புத்தளம் மாவட்டத்தின் வெண்ணப்புவப் பகுதியிலுள்ள போலவத்தையே. பணிப் பிரதேசங்கள் எட்டாக வகுக்கப்பட்டு ஒவ்வொன்றும் ஒரு குருவின் பொறுப்பில் விடப்பட்டன. அடிகளாருக்கு ஆயர் நிலைப் பதவி அளிக்க எண்ணப்பட்ட போது அவர் அதை ஏற்க மறுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். கன்னட நாட்டில் ஆயர் அதிகாரத்தின் பெயரால் நடந்த சண்டையைக் கண்ட ஒருவரின் மறுப்பு எமக்கு வியப்பளிக்கவில்லை.

1711 ஜனவரி 16 ஆம் திகதி, ஐம்பத்தொன்பதாவது வயதில், கண்டியில் அவர் உயிர் நீத்தார். இலங்கைக்கு வந்த பின்னர் இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒரு தடவையேனும் அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை. கண்டி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல் எங்குள்ளது என்பது பிற்காலத்தில் எவருக்கும் தெரியாமற் போயிற்று. புனிதர் ஒருவருக்குக் கல்லறை இல்லாதிருப்பது திருச்சபையினருக்குக் குறையாகத் தோன்றலாம்.

அவருக்குப் பின்னர் ஒல்லாந்தர் மேலும் எண்பத்தைந்து ஆண்டுகள் கரையோரத்தை ஆண்டனர். 1796 இல் ஆங்கிலேயர் வந்து, 1806 இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கிய போது, தோம்புகளில் மட்டும் வாழ்ந்த சீர்திருத்தத் திருச்சபையின் கிராமச் சபைகள் சில ஆண்டுகளிலேயே கரைந்தன. மூப்பர்களும் அண்ணாவிமாரும் காத்து வந்த சபைகள் நிலைத்தன. 1834 இல் இலங்கைக்குத் தனியான மறை ஆட்சி ஏற்பட்ட வேளையிலும் அதன் முதற் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டவர் கோவா ஒரட்டோரியன் குருவான விசென்தே தொ ரொசாய்ரோ. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் ஓர் ஆசியத் திருச்சபையை ஆசியக் குருக்களே, எந்த ஐரோப்பிய அரசின் காவலும் இன்றி நடத்தினர் என்பது உலகத் திருச்சபை வரலாற்றிலேயே அரிதான செய்தி. எமது பாடநூல்கள் இதற்குரிய இடத்தை இன்னும் அளிக்கவில்லை.

இக்கரையின் பிற்கால வரலாறு எளிதானதன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்துக்கே வந்தனர். ஏற்கெனவே வறிய மாவட்டம். தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போட்டி ஏற்பட்டது. ஆயினும் ஊர்கள் இடம் கொடுத்தன. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு நாளில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பின்னர், மே மாதத்தில் இம்மாவட்டத்தின் சில பகுதிகளில் அப்பாவி முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன; உயிரிழப்பும் நேர்ந்தது. நாத்தாண்டியாவும் கொட்டாரமுல்லையும் அப்போது செய்திகளில் அடிபட்ட பெயர்கள். அவை போலவத்தையிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

மொழியும் இக்கரையில் மாறிவிட்டது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் கடந்து வடக்கே செல்லும் கத்தோலிக்க மீனவக் கிராமங்களில் ஒரு காலத்தில் வீட்டு மொழியாகவும் செப மொழியாகவும் தமிழே இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பாடசாலைகள் சிங்கள மொழிக்கு மாறியதுடன், இரண்டு மூன்று தலைமுறைகளில் அக்கிராமங்களிற் பல சிங்களம் பேசுவனவாயின. இது இயல்பாக நேர்ந்ததா, நேர்விக்கப்பட்டதா என்பது தனியே பேசப்பட வேண்டிய விடயம். உடப்பு போன்ற இந்துக் கிராமங்களும் கற்பிட்டிப் பக்கத்து ஊர்கள் சிலவும் தமிழைக் கைவிடவில்லை. தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத்தின் பெருநாட்களுக்குத் திரளும் மக்கள் இரு மொழிகளிலும் செபிக்கின்றனர். முற்றாகச் சிங்களமாகிவிட்ட கத்தோலிக்கக் கிராமங்களிலோ, ஆலயத்தின் மூத்த பொறுப்பாளரை மூப்பு என்றும் செபம் சொல்லிக் கொடுப்பவரை அண்ணாவி என்றும் அழைக்கும் வழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அவை தமிழ்ச் சொற்கள் என்பதை அங்குள்ள இளைஞர்களிற் பலர் அறியார்.